மாலை போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒரே உலை

ஜனவரி 20, திங்கள்

காலை முழுக்க மூடுபனி. களத்தில் கொட்டிய மிளகு காயாமல் அப்படியே கிடந்தது. வெயில் தலைகாட்டியபோது நான் செம்மேட்டில், கம்ப்யூட்டர் முன்னால்.

இ-சேவை மையத்தில் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, பிள்ளைகளின் உதவித்தொகை. சர்வர் வரும், போகும். விரலை வைத்தால் மெஷின் எடுக்காது. எல்லாம் மிளகு உருவிய விரல், ரேகை தேய்ந்து கிடக்கிறது.

"ஏனுங்க, எப்பங்க வரும்?"

"வந்தா வருமுங்க."

அடுத்தவர் விரலைப் பிடித்து மெஷினில் வைத்தேன்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ். நிற்கத்தான் இடம். வீடு வந்து சேரும்போது இருட்டி நெடுநேரம். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் காட்டிலிருந்து வந்து மிக்சர் பாக்கெட்டும் டீயுமாக முடித்துக்கொண்டு களத்தில் மிளகைக் கூட்டிக்கொண்டிருந்தார். கனி புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போயிருந்தாள். அரிசி களைந்து வைத்து, பருப்பைக் கடைந்து முடித்து அவளை எழுப்பி உட்காரவைத்து ஊட்டிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பெண். கண்ணை மூடிக்கொண்டே மென்றாள்.

போன வாரமும் இதே கதை. மிளகு முடிகிற வரை இப்படித்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மிளகு முடிய மாசி ஆகும். அதுவரை பிள்ளை மிக்சரா தின்பாள்?

ஜனவரி 22, புதன்

குளிர். பல் தந்தியடிக்கிறது.

இன்று ஒரு காரியம் நடந்தது. எங்கேயும் சொல்ல முடியாது, இங்கே எழுதிவைக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், வேலி ஓரமாகச் சாந்தி நிற்கிறாள். என் ஓரகத்தி. இவருடைய தம்பி செல்வராசுவின் மனைவி. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே பத்துக் காப்பிச் செடிதான், ஆனாலும் பேச்சுவார்த்தை அறுந்து இரண்டு வருஷமாகிறது. ஆம்பிளைகளின் சண்டை. எல்லையில் ஒரு மிளகுக்கொடி. வேர் எங்கள் பக்கம், அது ஏறியிருக்கிற மரம் அவர்கள் பக்கம். கொடி யாருடையதோ அவருக்கு மிளகு என்றார் இவர். மரம் யாருடையதோ அவருக்கு என்றார் அவர். அது முற்றி, கோயில் திருவிழாவில் ஊர் பார்க்க, "இனி உன் ஊட்டுல கை நனைச்சா என்னைய ஏன்னு கேளு" என்று இவர் சொல்ல, "நானும்தான்" என்று அவர் சொல்ல, முடிந்தது. இங்கே ஒருவர் வீட்டில் சாப்பிடாவிட்டால் உறவே இல்லை என்று அர்த்தம்.

செல்வராசு இப்போது பழனிக்கு மாலை போட்டிருக்கிறார். போன வருஷம் மிளகு ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு நாமக்கல்லில் கிடந்தார். எழுந்து நடந்தால் நடந்தே வருகிறேன் என்று வேண்டுதல். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இவர் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

சாந்தி சொன்னது: "அக்கா, நான் ஊட்டுக்குத் தூரம். மாலை போட்டவருக்கு நான் ஆக்கக்கூடாது. நேத்து அவரே ஆக்குனாரு, பருப்பு தீஞ்சு போச்சு. காட்டு வேலையும் பாத்துட்டு அந்தக் காலை வெச்சுக்கிட்டு நிக்கறாரு. நீங்க ஆக்கித் தருவீங்களா?"

"உன் ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா?"

"மேலூட்டுச் சித்தி தந்துச்சுன்னு சொல்லிக்கறேன்."

"சாமிக்கு மாலை போட்டவர்கிட்டப் பொய்யா?"

"அவரு கை நனைக்கறது அவரு ஊட்டுலதானக்கா. சோறு எங்கிருந்து வந்தா என்ன?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். சரி என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

மாலை போட்டவருக்கு ஆக்குவதென்றால் குளித்துவிட்டு ஆக்க வேண்டும். தை மாதம், கொல்லிமலை, விளக்கு வைத்த பிறகு. சுடுதண்ணீர் வைக்கப் பொறுமையில்லை. தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றியதும் உயிர் ஒரு நிமிஷம் வெளியே போய்விட்டு வந்தது.

சாமைச்சோறு, கொள்ளுப் பருப்பு, அவரைக்காய்ப் பொரியல். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே உலை. சேர்த்து ஆக்கினால் கூட ஆகும் நேரம் கொஞ்சம்தான், அதுதான் ஆச்சரியம். செல்வராசு கோயில் பஜனைக்குப் போயிருந்தார். இவர் களத்தில். பின்பக்கமாகத் தூக்குப்போசியில் எடுத்துப்போய்ச் சாந்தி வீட்டுச் சமையற்கட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். பூனை மாதிரி. இந்த வயதில்.

"ஏம்புள்ள, இந்நேரத்துல குளிச்சியா?" என்றார் இவர்.

"ஆபீஸ்ல தூசி."

ஜனவரி 26, ஞாயிறு

ஆபீஸ் லீவு. மிளகு உருவி உருவிக் கை காந்துகிறது. இரண்டாம் ஏணியை மூங்கில் வெட்டி இவரே செய்தார்.

சாந்தி குளித்தாயிற்று. போசியைத் திருப்பிக் கொடுக்க வேலிக்கு வந்தாள். வெறும் போசியைக் கொடுக்கக்கூடாது என்று உள்ளே இரண்டு நார்த்தங்காய்.

"என்ன சொன்னாரு?"

"சித்தி கைக்கு இந்தச் சுவை எப்படி வந்துச்சுன்னாருக்கா. காரம் மட்டும் கொறச்சலாம்."

காரம் குறைச்சலாம். வாங்கித் தின்கிற சோற்றுக்கு நாட்டாமை.

போகிறவள் நின்றாள். "அக்கா, எனக்கும் மாவுக் குழுவுல இப்ப வேலை தலைக்கு மேல. சாமை அரைக்கோணும், பாக்கெட் போடோணும், வர இருட்டிப் போவுது. பையன் பிஸ்கட்டத் தின்னுட்டுப் படுத்துக்கறான். நாம ஒண்ணு பண்ணலாமா? ஒரு நாள் நீங்க ஆக்குங்க, ஒரு நாள் நான் ஆக்கறேன். ரெண்டு ஊட்டுக்கும்."

நான் மனசுக்குள் இதைத்தான் மூன்று நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். பெரியவள் அல்லவா.

சாந்தியின் நிபந்தனை ஒன்று. அவர் பழனி போய்ச் சேரும் வரை இரண்டு அடுப்பிலும் கவிச்சி ஏறக்கூடாது. மீன், கறி, கருவாடு, முட்டை எதுவும். அவள் முறை நாளில்கூட நான் ஒரு முட்டை பொரிக்கக்கூடாது, அதே சட்டியில்தானே மறுநாள் அவருக்கும் ஆக்குவேன். நியாயம்தான். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாயிற்று. சாமி விஷயத்தில் ஒரு பாவம் போதும்.

ஜனவரி 28, செவ்வாய்

சாந்தி முறை, முதல் நாள்.

பஸ் லேட். லாரி ஒன்று வளைவில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தேன். பின்வாசலில் தூக்குப்போசி, மேலே ஒரு கல். திறந்தால் ஆவி. சோறு, தட்டைப்பயிற்றுக் குழம்பு, ரசம். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வேலைக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள்கூட எனக்காக ஒருத்தி ஆக்கி வைத்ததில்லை.

சாந்தியின் பாத்திரத்தில் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் என் பாத்திரத்துக்கு மாற்றி, அடுப்பைச் சும்மா பற்றவைத்து, பார்வைக்கு ஒரு கரண்டி கருவேப்பிலை தாளித்தேன்.

இவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "இன்னிக்கு ரசம் அமிர்தம்" என்றார்.

பதினாறு வருஷமாக நான் வைத்த ரசத்துக்கு இந்த வாயில் இந்த வார்த்தை வந்ததில்லை. பச்சை மிளகைத் தட்டிப் போட்டிருக்கிறாள், வேறு ஒன்றுமில்லை. அதை நானும் போடலாம். போடவே மாட்டேன்.

கனி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சாந்தி சித்தி கை" என்று வாயசைத்தாள். காலால் அவள் காலை மிதித்தேன்.

ஜனவரி 30, வியாழன்

வெயில் நல்ல வெயில். மிளகு கறுத்துவிட்டது.

ஓடுகிறது. நேற்று நான்: மொச்சைக் குழம்பு, சோறு. இன்று அவள்: ராகிக்களி, கீரை கடைந்தது. நாளை நான்: பிஞ்சுப் பலாக்காய் கிடைத்தால் பொரியல், இல்லாவிட்டால் வாழைக்காய்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எனக்கு ஒரு மாலை நேரம் கிடைத்திருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் இன்று கனிக்குத் தலை வாரி எண்ணெய் வைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் சொன்னாள். அவளுக்கு இவ்வளவு பேச்சு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பயமும் இருக்கிறது. இவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வைவார், அது பழகியதுதான். சாந்தியோடு பேசக்கூடாது என்று மறுபடியும் வேலி போட்டுவிடுவார். அது தாங்காது. சோற்றில் ஆரம்பித்தது, இப்போது அவள் குரல் ஒரு நாள் கேட்காவிட்டால் என்னவோ போலிருக்கிறது.

பிப்ரவரி 1, சனி

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்புள்ள, கருவாடு தீந்துபோச்சா?"

"ஆமாங்க. செம்மேட்டுல நல்லதா வரலீங்க."

"முட்டை?"

"கோழி சரியா வெக்கறதில்லீங்க."

கோழி தினமும் வைக்கிறது. காலையில் கூண்டைத் திறப்பது நான்தான் என்பதால் பிழைத்தேன். முட்டைகளை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அரிசி அளக்கிறபோதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது. அடையில் வைக்கலாம் என்றால் பெட்டை ஒன்றும் அடைக்கு உட்கார்ந்தபாடில்லை.

சாந்தியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். "விரதம் அண்ணனுக்கும் சேத்தி நடக்குது, புண்ணியம்தான்."

பிப்ரவரி 4, செவ்வாய்

போச்சு.

என் முறை. மழை வரும்போல மேகம் இறங்கியது என்று இவர் காட்டிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார். உதவியாக இருக்கட்டும் என்று அரிசி எடுக்கப் போயிருக்கிறார். பதினாறு வருஷத்தில் இன்றுதான் அவருக்கு அந்த எண்ணம் வர வேண்டுமா?

நான் உள்ளே நுழையும்போது சமையற்கட்டுத் தரையில் முட்டைகள் வரிசையாக. அரிசி மாவு படிந்து, பொங்கலுக்கு வெள்ளையடித்த மாதிரி. அவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"நம்ம ஊட்டுல யாரு மாலை போட்டிருக்கறது?"

நான் பையை ஆணியில் மாட்டினேன்.

"கருவாடு இல்ல, முட்டை இல்ல. ராத்திரிக் குளிரில நீ தலைக்கு ஊத்திக்கற. ஒரு நாளைக்கு ஒரு ருசி. எனக்குப் புத்தி இல்லைன்னு நெனச்சியா? மாலை போட்டவன் அவன். விரதம் எனக்கா?"

சொன்னேன். எல்லாவற்றையும். மறைக்க என்ன இருக்கிறது.

"அவன் சோத்தத் திங்க வெச்சிட்டியே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"சாந்தி ஆக்குன சோறுங்க. அவரு ஆக்குனதில்ல."

"என் சொல்லு ஒரு சொல்லு இல்லையா?"

"உங்க சொல்லு கோயில்ல இருக்கு. பிள்ளை பசியோட தூங்குது. நான் எதைப் பாக்கட்டுமுங்க?"

தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எனக்கும் இறங்கவில்லை. சாந்தி வீட்டுக்கு மட்டும் சோற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

பிப்ரவரி 5, புதன்

சாந்தி முறை. தொடவில்லை இவர். நாலு முட்டையை அவரே வேகவைத்து, பழைய சோற்றில் பிசைந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். தனிச் சட்டி, வெளியே மூன்று கல் கூட்டிய அடுப்பு. அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார், என் அடுப்பில் கவிச்சி ஏற்றவில்லை. அதைப் பார்த்துக் கோபப்படுவதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நாளைக்குப் பூசைக்கு நான் போறேன். ஊர் கூடியிருக்கும்ல. மாலையைப் போட்டுக்கிட்டு யாரு ஊட்டுச் சோறு தின்னேன்னு உனக்குத் தெரியுமான்னு அவங்கிட்டயே கேக்கறேன். அன்னிக்கு ஊர் பாக்கத்தான சொன்னான்."

நாளை மறுநாள் விடியற்காலை செல்வராசு புறப்படுகிறார். அதற்கு முந்தின ராத்திரி அவர் வீட்டில் பூசை, எல்லாருக்கும் சாப்பாடு. அங்கே இதைச் சொன்னால்? கோயில் வாசலில் சொன்ன சொல் உடைந்தது என்று தெரிந்தால் அவர் மாலையைக் கழற்றிவிடுவார். அப்படிப்பட்ட ஆள். வேண்டுதல் போகும். சாந்தியை என்ன செய்வாரோ.

வேலியில் சாந்தியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. முகம் மட்டும் காய்ந்துபோனது. "அவரு ஒரு வருசமா இந்த நடைக்காகத்தான் காலை ஊணிப் பழகுனாருக்கா" என்றாள்.

இவரிடம் மறுபடி பேசப் போனேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆபீஸுக்கு அரை நாள் லீவு. மதியத்திலிருந்து சாந்தி வீட்டில். இனி ஒளித்து என்ன. முன்வாசல் வழியாகவே போனேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள். மேலூட்டுச் சித்தி, "பேச ஆரம்பிச்சிட்டீங்களா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே தேங்காய் துருவினாள். நான் வெங்காயம் அரிந்தேன். கண்ணீருக்கு அது வசதி.

சோறு, பருப்பு, பூசணிக் குழம்பு, பொரியல், ரசம், பாயசம். பெரிய அண்டா எங்கள் வீட்டிலிருந்து.

இருட்டியதும் பூசை. பிறகு பந்தி. மாலை போட்டவரே பரிமாற வேண்டும் என்பது முறை. செல்வராசு பச்சை வேட்டியில், வெறுங்காலோடு, சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போட்டுவந்தார். அப்போது இவர் வந்தார்.

வந்து கூடத்து நிலைப்படியில் நின்றார். இரண்டு வருஷமாக அந்த நிலையைத் தாண்டாதவர். சாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

செல்வராசு பார்த்தார். அடுத்த இலைக்குப் போனார். அது சித்தியின் இலை. அந்த நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியாமலோ என்னவோ, சத்தமாகச் சொன்னார்: "நல்லாச் சாப்பிடுங்க சித்தி. சாந்தி ஆக்க முடியாதப்ப நீங்கதான் மூணு நாளும் ஆக்கித் தந்தீங்க. அந்தப் புண்ணியத்துலதான் நான் நடக்கறேன்."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "நானுங்களா? நான் எப்பங்க சாமி ஆக்குனேன்?"

செல்வராசுவின் கை வாளியிலேயே நின்றுவிட்டது. சாந்தியைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். இவர் வாயைத் திறந்தார்.

"சித்திக்கு மறதிங்க சாமி" என்றார். "நேத்து எங்கிட்டயும் அப்படித்தான், சொன்னதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு. வயசாச்சு."

சித்தி இவரை ஒரு பார்வை பார்த்தாள். அறுபது வயதுக்கு அவள் மூளை எங்கள் எல்லாருடையதையும்விடக் கூர்மை. பிறகு சாந்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமாமா, ஆக்குனேன் ஆக்குனேன்" என்று சோற்றைப் பிசைந்தாள்.

இவர் உள்ளே வந்து சித்திக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சாமி, எனக்கு ஒரு எலை போடுங்க."

செல்வராசு இலையை அவரே கொண்டுவந்து விரித்தார். தண்ணீர் தெளித்தார். சோறு போட்டார். இலைக்கு வெளியேயும் விழுந்தது. மாலை போட்டவரை யாராக இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அதனால் இவருக்கு வாயில் வந்தது. பெயர் சொல்ல வேண்டியிருந்தால் வந்திருக்குமா, தெரியாது.

நான் சமையற்கட்டுக்குள் போய் அண்டாவுக்குப் பின்னால் நின்று அழுதேன். சாந்தியும் வந்தாள். வெங்காயம் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

விடியலுக்கு முன்னால் புறப்பட்டார்கள். வேல் வேல் என்று சத்தம் வளைவு திரும்பும் வரை கேட்டது. தோளில் துணிமூட்டை, குளிருக்கு அதன்மேல் போர்வை.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"சொல்லோணும்னுதான் போனேன்."

"தெரியும்."

"வாளியைத் தூக்கிக்கிட்டு வந்தான் பாரு. அந்த இடது கால். பாதம் உள்பக்கமாத் திரும்பியிருக்கு. ஒரு வருசமா நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல புள்ள. அந்தக் காலோட பழனிக்கு நடக்கறான்."

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருந்தால் போன வருஷமே தெரிந்திருக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆபீஸில் கூட்டம். சர்வர் நாள் முழுக்க நன்றாக ஓடியது, அதிசயம்.

பிப்ரவரி 10, திங்கள்

முறை நிற்கவில்லை. இவர் ஒன்றும் கேட்பதில்லை, ஒன்றும் சொல்வதில்லை. தட்டில் விழுவதைச் சாப்பிடுகிறார். "ரசம் அமிர்தம்" மட்டும் இப்போது வருவதில்லை, ஜாக்கிரதையாக இருக்கிறார்.

கடைசிக் காட்டு மிளகு பறிக்க ஆள் வரவில்லை. ஞாயிறு முழுக்க நானும் கனியும் ஏணி பிடித்தோம். சாந்தி செல்வராசுவின் காட்டை ஒண்டியாகப் பார்க்கிறாள் என்று இவர் மத்தியானம் அந்தப் பக்கம் போய் இரண்டு மரம் பறித்துக் கொடுத்துவிட்டு வந்தார். எல்லை மரத்தைத் தொடவில்லை. அதில் மிளகு பழுத்துச் சிவந்து கிளி தின்கிறது.

பிப்ரவரி 12, புதன்

செல்வராசு வந்துவிட்டார். பஸ்ஸில். பாதம் இரண்டும் கொப்புளம், முகம் முழுக்கச் சிரிப்பு. ஊர்க் கோயிலில் மாலையைக் கழற்றினார். பஞ்சாமிர்தம் வீடு வீடாகப் பையன் கொண்டுவந்தான். எங்கள் வீட்டுக்கும்.

எனக்குக் கவலை. இவர் தன் சொல்லை உடைத்துக்கொண்டு அங்கே போய்ச் சாப்பிட்டாயிற்று. ஆனால் தம்பியின் சொல் அப்படியே இருக்கிறது. சாந்தி அவரிடம் என்ன சொல்லப் போகிறாள்? இனி பின்வாசலா, முன்வாசலா? அவர் வேண்டாம் என்றுவிட்டால் நாளையிலிருந்து பழையபடி தனி அடுப்பு. மிளகு இன்னும் முடியவில்லை. பிறகு காப்பி இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது. ஆபீஸ் கூட்டம் எந்தக் காலத்தில் முடிந்தது?

தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பகலில் வெயில், சாயங்காலம் காற்று. ஆபீஸில் இங்க் தீர்ந்துபோய் சான்றெல்லாம் வெளிர் நீலத்தில் வந்தது.

என் முறை. பஸ் நேரத்துக்கு வந்தது. இனி குளிக்க வேண்டாம், அதுவே பெரிய நிம்மதி. கருவாட்டுக் குழம்பு. செம்மேட்டில் நல்லதாகவே வந்திருந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தேன். பழக்கத்தில் வைத்தேனா, பிடிவாதத்திலா, தெரியவில்லை.

சட்டியை இறக்கும்போது முன்வாசலில் செல்வராசு. பின்னால் சாந்தியும் பையனும். கையில் சாந்தியின் தூக்குப்போசி, கழுவிக் கவிழ்த்தது.

"அண்ணி, சாந்தி சொல்லிட்டா" என்றார். "எல்லாத்தையும்."

நான் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "கோவமுங்களா?"

"சாமி கோவிச்சிருந்தா இந்தக் கால் பழனி வரைக்கும் வந்திருக்குமுங்களா?" போசியை நீட்டினார். "வாங்கிட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க."

"உள்ள வாங்க."

அசையவில்லை. நிலைக்கு வெளியே, செருப்பில்லாமல், கட்டுப்போட்ட பாதத்தோடு. "கோயில் வாசல்ல சொன்ன சொல்லுங்க அண்ணி. அதே சாமிக்குத்தான் நடந்துட்டு வந்திருக்கேன். வந்த மறுநாளே எப்படிங்க மாத்தறது?"

போசியை வாங்கிக் குழம்பு ஊற்றத் திரும்பினேன். இவர் அதற்குள் கூடத்திலிருந்து எழுந்து வந்து சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். எங்கே என்று கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். தம்பியைக் கடந்து களத்துக்குப் போனார். மிளகைக் காலால் ஓரம் ஒதுக்கி, தார்ப்பாயை உதறி நடுவில் விரித்து, பானையை அதன்மேல் வைத்தார்.

"களம் அப்பா போட்டது. ரெண்டு பேருக்கும் பொது" என்றார். யாரையும் பார்க்காமல். "இது ஊடு இல்ல."

பிறகு செல்வராசு நொண்டிக்கொண்டே போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். சாந்தி என் கையிலிருந்து குழம்புச் சட்டியை வாங்கிக்கொண்டு ஓடினாள். கனி தட்டுகளைக் கொண்டுவந்தாள், எல்லாருக்கும்.

நல்ல குளிர். சோறு தட்டில் விழும்போதே ஆறியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காரம் குறைச்சல் என்றார் செல்வராசு. சாப்பிடுகிற வேலையைப் பார் என்றார் இவர். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன முதல் வார்த்தை, சாமி இல்லாமல்.

"மழைக்காலம் வந்தா என்னப்பா பண்றது?" என்றாள் கனி.

இவர் தம்பியின் தட்டில் இன்னொரு துண்டு கருவாட்டைப் போட்டார்.